ஆடாத ஆட்டங்களின் கணக்கு

காம்பியாவின் பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே எடுத்து நீட்டப்படும் சீட்டு 2012ஆம் ஆண்டுடையது. அஜர்பைஜானில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. வட கொரியாவிடம் 0-11. பிரான்சிடம் 2-10. அமெரிக்காவிடம் 0-6. வாங்கியது 27, போட்டது 2. படிப்பவர் சிரித்துக்கொள்வார். பிறகு, "பாவம், சின்ன நாடு" என்று ஒரு உச்சுக்கொட்டல். அத்தோடு கடமை முடிந்தது.

அந்தக் குழுவின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்று அணிகளும் தங்களுக்குள் மோதிய ஆட்டங்கள் எல்லாமே டிரா. ஆகவே காம்பியா வலையில் யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணித்தான் காலிறுதிக்கு ஆள் எடுத்தார்கள். ஆறோடு நிறுத்திக்கொண்ட அமெரிக்கா ஊருக்குக் கிளம்பியது. பத்தும் பதினொன்றும் போட்டவர்கள் இறுதி ஆட்டம்வரை போனார்கள்; பிரான்ஸ் கோப்பையைத் தூக்கியது. காம்பியாவின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரிய வீட்டுப் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் எடைக்கல்லாக இருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன ஆட்டம்? அந்தப் பிள்ளைகள் வளர்ந்து போய்ச் சேர வேண்டிய தேசிய அணி எங்கே இருந்தது? பெண்களுக்கான ஆப்பிரிக்கக் கோப்பை 1991 முதல் நடக்கிறது. அதன் தகுதிச்சுற்றில் காம்பியா முதன்முதலாகக் கால் வைத்தது 2018இல். இடையில் இருந்த இருபத்தேழு ஆண்டுகளில் அந்த நாட்டில் பெண்களே பிறக்கவில்லை போலும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இங்கே மேடையே போடவில்லை. போடாதவர்கள் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு ஆடத் தெரியவில்லை என்கிறார்கள்.

நாட்டின் அன்றைய தலைமைக்கு வேலைப்பளு அதிகம் என்பதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். 22 ஆண்டுகள் ஆண்ட யாஹ்யா ஜாமேயின் பெயருக்கு முன்னால் மாண்புமிகு, ஷேக், புரொஃபசர், அல்ஹாஜி, டாக்டர் எல்லாம் வரும். பெயருக்குப் பின்னால் பாபிலி மான்சா என்று இன்னொன்று. இத்தனையையும் வானொலியில் ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும். இதில் பெண்களுக்கு முழு ஆட்டம் எப்படிக் கிடைக்கும்?

2012 அணியில் ஃபாத்திம் ஜவாரா என்றொரு கோல்கீப்பர் இருந்தார். செரகுண்டாவின் ரெட் ஸ்கார்பியன்ஸ் கிளப்பில் ஆடியவர். 2015இல் மூத்தோர் அணிக்காக வலை காத்தார். எதிரே இருந்தது இன்னொரு நாடல்ல. வெறும் ஒரு கிளப். அந்த ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தடுத்தார். கிளப்போடு ஆடியது சர்வதேச ஆட்டமாகாது என்பதால் அந்தப் பெனால்டி ஃபிஃபாவின் எந்த ஏட்டிலும் ஏறாது. பதினொன்று மட்டும் ஏறும். கணக்கர்கள் நேர்மையானவர்கள்.

2016 செப்டம்பரில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பினார். ஐரோப்பாவுக்குத் திருட்டுத்தனமாகப் போகும் இந்த வழியை காம்பியாவில் 'பேக்வே' என்பார்கள். சகாராவைத் தாண்டி லிபியா, அங்கிருந்து அக்டோபர் கடைசியில் இத்தாலி நோக்கிப் படகு. நடுக்கடலில் புயல். அவர் கரை சேரவில்லை. வயது 19.

அதே வாரத்தில்தான் ஜாமேயின் அரசு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. கடலில் ஆப்பிரிக்க அகதிகள் சாவதற்காக ஐரோப்பிய ஒன்றியத்தைக் கூண்டில் ஏற்றச் சொல்லிக் கேட்டோம், அந்த நீதிமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஐரோப்பாவைக் கூண்டில் ஏற்றட்டும், நானும் வந்து கைதட்டுகிறேன். அப்படியே, தேசிய அணியின் கோல்கீப்பர் ஏன் படகேறினார் என்று கேட்க அந்தக் கூண்டில் காம்பியாவின் கால்பந்துச் சங்கத் தலைவரும் விளையாட்டு அமைச்சரும் நிற்க இடம் விட்டுவைக்கட்டும்.

காசில்லை என்பார்கள். அதே 2016இல்தான் ஃபிஃபா ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் ஆண்டுக்கு 12.5 லட்சம் டாலர் வரை தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பெண்கள் அணியைப் பேருந்தில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஆட வைக்க இதில் எத்தனை சதவீதம் பிடிக்கும்? காம்பியாவை மூன்று பக்கமும் சூழ்ந்திருப்பது செனகல்தான். விமானம்கூட வேண்டாம்.

தோற்றவர்களுக்குத்தான் இந்தக் கதி என்று யாராவது நினைத்தால் நைஜீரியாவைப் பார்க்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் எட்டாவது முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்று வந்த பெண்கள், தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டு அபுஜாவில் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் பொதுச்செயலாளர் தந்த விளக்கத்தைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வைக்க வேண்டும்: ஜெயிப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் பணத்துக்கு ஏற்பாடு செய்திருப்போமாம். தோற்றால் தகுதியில்லை, ஜெயித்தால் முன்னறிவிப்பில்லை.

2018இல் காம்பியா ஒருவழியாக ஆட வந்தது. வந்த கையோடு பர்கினா ஃபாசோவைத் தாண்டியது. அடுத்து இதே நைஜீரியா. பகாவு மைதானத்தில் ஒரே ஒரு கோலில்தான் தோல்வி, லாகோசில் 0-6. ஆப்பிரிக்காவின் ராணிகளை ஒரு கோலோடு நிறுத்திய அந்த நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆறைப் பற்றிக் கேளுங்கள், உடனே வரும்.

2020இல் பெருந்தொற்று வந்தது. ஆண்களின் ஆப்பிரிக்கக் கோப்பையைத் தள்ளிவைத்தார்கள், பெண்களுடையதை ரத்து செய்தார்கள். கிருமிகூடப் பால் பார்த்துத்தான் பரவும் என்பது கண்டமட்டக் கால்பந்துக் கூட்டமைப்பின் மருத்துவக் கண்டுபிடிப்பு. பிறகு நடந்ததில் ஆண் சாம்பியனுக்கு 50 லட்சம் டாலர், பெண் சாம்பியனுக்கு 5 லட்சம். அந்த 5 லட்சமே பெரிய ஏற்றம் என்று தோளில் தட்டிக்கொண்டார்கள்.

2023 ஆகஸ்ட். சிட்னி. ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ மேடையேறி உலகத்துப் பெண்களுக்கு அருளினார்: சரியான சண்டைகளைத் தேர்ந்தெடுங்கள், எங்களை நம்பவைக்கும் சக்தி உங்களிடம் இருக்கிறது, கதவைத் தள்ளினால் போதும், திறந்தே இருக்கிறது. ஐயா, செரகுண்டாவில் அந்தக் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது? விலாசம் கொடுங்கள்.

இனி ஆட்டக் கணக்கு அச்சிடும்போது ஒரு பத்தி சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் நேரே சங்கத் தலைவர் யார், விளையாட்டு அமைச்சர் யார், பெண்களுக்கு ஏற்பாடு செய்த ஆட்டங்கள் எத்தனை, மாநாடுகளுக்கு இவர்கள் பறந்த விமானங்கள் எத்தனை. பதினொன்று அடித்த வட கொரியா அந்தப் பத்திக்குப் பக்கத்தில் நிற்கக் கூசும்.