கிராம்பும் கடைவாய்ப் பல்லும்

கேள்வி: கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்புத் தைலம் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. பிறகு பல் டாக்டர் எதற்கு?

பதில்: அழுகிற குழந்தையைத் தாலாட்டித் தூங்க வைக்கலாம், பசி தீராதே! கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜெனால். அது நரம்பை மரக்கச் செய்யும். கிருமிகளையும் ஓரளவு அடக்கும். பல் டாக்டர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகக் குழியை அடைப்பதுண்டு. ஆனால், வேரில் சீழ் கட்டிவிட்டால் தைலம் அங்கே எட்டாது. தைலம் வைப்பதானாலும் பஞ்சில் ஒரு சொட்டு போதும். அதிகமானால் ஈறு வெந்துவிடும். குழந்தைகள் குடித்துவிட்டால் கல்லீரலுக்கே ஆபத்து. பாட்டிலை உயரத்தில் வையுங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். தைலம் ஓர் இரவைக் கடத்தும்; பல்லைக் காப்பது சிகிச்சைதான்.