வழுக்கலும் வழுக்கல் நிமித்தமும்: டிபன் ஹோட்டல் காயங்கள் பற்றி ஓர் ஆய்வு

தொல்காப்பியர் அன்பின் ஐந்திணையோடு கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் சேர்த்து ஏழோடு நிறுத்திவிட்டார். அவர் காலத்தில் ஏ.சி. ஹால் வைத்த டிபன் ஹோட்டல் இல்லாததே இதற்குக் காரணம். விடுபட்ட எட்டாம் திணையை நிறுவ, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து களப்பணி செய்த ஒருவனின் முயற்சி இது.

இத்திணைக்கு நிலம், கை கழுவும் தொட்டியும் அதைச் சுற்றி மூன்று தப்படியும். பெரும்பொழுது, ஞாயிற்றுக்கிழமை. சிறுபொழுது, பில் மேசைக்கு வந்த பிறகு, பணம் சட்டைப்பையை விட்டு வெளிவருவதற்கு முன். கருப்பொருள்களில் மாப், பினாயில் வாடை, யாரும் படிக்காத ‘ஈரத்தரை, கவனம்’ பலகை ஆகியவை அடங்கும். பறை, எவர்சில்வர் டம்ளர் உருளும் ஓசை. உரிப்பொருளைத் தலைப்பிலேயே சொல்லியாயிற்று. வழுக்கல் என்பது விழுவது. நிமித்தம் என்பது ‘விழப் பார்த்தேனே, விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?’ என்பது. முன்னதற்கு எலும்பு மருத்துவர் இருக்கிறார். பின்னதற்குத்தான் ஆய்வாளர் தேவைப்படுகிறார்.

பொழுதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்; வயிற்றுக் கோளாறும் இத்திணையில் அடக்கம், அது பில்லுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. சால்மொனெல்லா என்ற கிருமி வயிற்றுக்குள் போய் வேலையைக் காட்ட 6 மணி நேரம் முதல் 6 நாள் வரை ஆகும். அவசரக்காரக் கிருமி என்று பெயரெடுத்த ஸ்டெஃபிலோகாக்கஸின் நஞ்சுகூட அரை மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும். நம் வாடிக்கையாளரோ இரண்டாம் இட்லிக்கும் மூன்றாம் இட்லிக்கும் நடுவில் “ஏம்ப்பா, என்ன சட்னி இது, வயித்தைப் புரட்டுது” என்கிறார். சொல்லிவிட்டு மூன்றாவதையும் முடிக்கிறார். நுண்ணுயிரியலை இவ்வளவு எளிதாக முந்திய இந்த வயிற்றைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை கவலைப்படவில்லை.

வயிற்றுக் கோளாறுக்கு உலக அளவில் ஒரு மரபு உண்டு. 1928ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில், ஒரு காப்பிக்கடையில் ஓர் அம்மாள் இஞ்சி பீர் குடித்தார். மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாகச் சொன்னார். உள்ளே இருப்பது தெரியாத இருண்ட புட்டி அது. வழக்கு லண்டன் பிரபுக்கள் சபைவரை போய், 1932இல் தீர்ப்பு வந்தது. பொருளைச் செய்பவர் அதை உண்பவருக்குப் பொறுப்பு என்ற சட்டம் அந்த நத்தையின் முதுகில்தான் ஊர்ந்து வந்தது. ஆனால் புட்டிக்குள் நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை; அதற்குள் சமாதானமாகப் போய்விட்டார்கள். நத்தை கிடந்ததா, கற்பனையா என்று அந்த ஊர்க் கல்லாக்காரர் எத்தனை இரவு புரண்டு படுத்திருப்பாரோ! நத்தை நிஜமாகவே இருந்திருந்தால்தான் என்ன? நம் திணைக்கு அது அவசியமே இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் வயிற்றுக்கு விலை வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பற்ற உணவால் கொடுங்காயம் என்றால் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும், மற்றக் காயம் என்றால் 1 லட்சத்துக்கு மிகாமலும் இழப்பீடு உண்டு. உயிரே போனால் குறைந்தது 5 லட்சம். இந்தத் தொகைகளை நம்மவர்களிடம் சொன்னால் பயந்துபோவார்கள். அவர்கள் கேட்பது இரண்டு நெய் ரோஸ்ட், ஒரு காப்பி; அவ்வளவுதான்.

மெய்யும் பொய்யும் பிரிப்பது எப்படி? சூப்பர்வைசர்கள் வழிவழியாகக் கையாளும் சோதனை ஒன்று இருக்கிறது. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, “வாங்க சார், நம்ம ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்” என்பது. நிமித்தக்காரருக்கு ஆஸ்பத்திரி என்ற சொல்லே ஆகாது. “அதெல்லாம் எதுக்கு, பில்லைப் பார்த்துப் போடுங்க” என்பார். வலி முட்டியிலிருந்து பில்லுக்கு இடம்பெயரும் இந்த நிகழ்வுக்கு மருத்துவ நூல்களில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

கேமராவைப் பார்க்கலாமே என்பார்கள் விவரம் தெரியாதவர்கள். கேமரா இருக்கிறது. முதலாளி அதைக் கல்லாவைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் எங்கே விழுந்தாலும், படத்தில் தெரிவது சில்லறை எண்ணும் நான்தான்.

சோதனைக்கு அடங்காத ஒரு வகை உண்டு; ஆய்வின் கடினப் பகுதியும் அதுவே. அசலாக வழுக்கி விழுந்தவர் சத்தமே போடுவதில்லை. சட்டென்று எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஒண்ணுமில்ல தம்பி” என்று பில்லுக்குச் சரியாகச் சில்லறையும் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே போவார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் இவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார். மேற்படி சோதனை இவரையும் பொய்யர் பட்டியலில் சேர்த்துவிடுகிறது என்பதை ஒத்துக்கொண்டே ஆகவேண்டும். ஆக, சூப்பர்வைசர் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டியது வாசலைத் தாண்டும் இவரை. அவர் நிற்பதோ கத்துகிறவர் பக்கத்தில். தொழிலின் கோளாறு அது. ஓடிப் போய்த்தான் பாருங்களேன், மேசைக்குப் பக்கத்தில் இருப்பவர் “என்னை விட்டுட்டு எங்கய்யா போற?” என்பார்.

தீர்வைப் பொறுத்தவரை, அநேகமாக எல்லாக் கடையிலும் ஒன்றுதான். பில் தள்ளுபடி, மேலே ஒரு கால் கிலோ மைசூர்பாகு, வாசல்வரை கைத்தாங்கல். இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு. ‘கருணை’ என்று பேரேட்டில் தலைப்பு கிடையாது. எங்கள் கணக்குப்பிள்ளை ‘உடைந்த பாத்திரம்’ என்று எழுதி வந்தார். எவர்சில்வர் டம்ளர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எப்படி உடைகிறது என்று ஆடிட்டர் விளக்கம் கேட்டிருக்கிறார்.