பிரிண்டர் ரிப்பேர் என்று நினைத்தார்கள்

கேள்வி: சைபர் தாக்குதல் என்பது கம்ப்யூட்டர் விவகாரம். அதில் மனிதர்களின் முடிவுக்கு என்ன வேலை?

பதில்: 2016 பிப்ரவரி. டாக்காவில் வங்கதேச மத்திய வங்கி. பணப் பரிமாற்ற விவரங்களைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டர் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓடவில்லை. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அதை முடக்கியதே திருடர்கள்தான். முந்தைய இரவே, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் அந்த வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகள் போய்விட்டன. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. வெள்ளி, சனி டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில். திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. யாரும் யாரையும் கேட்டுத் தெளிய முடியாத நாட்களாகப் பார்த்து அடித்தார்கள்.

கேள்வி: ஒருவருக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை?

பதில்: வந்தது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போகவிருந்த 2 கோடி டாலர் உத்தரவில் எழுத்துப் பிழை இருந்தது. வழியில் இருந்த ஒரு வங்கி, "இது சரிதானா?" என்று கேட்டது. பணம் தப்பியது. கேட்டவருக்கு ஆன செலவு, ஒரு கேள்வி.

கேள்வி: ஒருவர் ஏமாறலாம். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் தப்பு தெரிந்துவிடாதா?

பதில்: தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள். லாட்டனே, டார்லி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1968-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம்தான். அடுத்தவர் பதறவில்லை என்றால் ஆபத்தில்லை என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திடீரென்று மந்தமானால் நாமும் அப்படித்தான் பக்கத்து மேஜையை எட்டிப் பார்க்கிறோம்.

கேள்வி: முகம் பார்த்துப் பேசி முடிவெடுத்தால் பயமில்லைதானே?

பதில்: பயம்தான். அரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியருக்கு நிதித் தலைவர் பெயரில் ரகசியப் பணப் பரிமாற்றம் பற்றி மின்னஞ்சல் வந்தது. அவர் சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். நிதித் தலைவரும் தெரிந்த சக ஊழியர்களும் திரையில் இருந்தார்கள். அத்தனையும் டீப்ஃபேக், கம்ப்யூட்டர் உருவாக்கிய போலி முகங்கள். சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் போயிற்று. 2024-இல் செய்தி வெளிவந்தது. தனியாக இருந்தபோது சரியாகச் சந்தேகப்பட்டவரை ஒரு பொய்க் கூட்டம் சமாதானப்படுத்திவிட்டது. வந்த அழைப்பை நம்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

கேள்வி: தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது குழு என்ன பாடுபடும்?

பதில்: கண்ணும் காதும் போகும். 2015 டிசம்பர் 23, உக்ரைனின் மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறைகளில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. புகார் எண்களைப் பொய் அழைப்புகளால் நிரப்பிவிட்டதால், எங்கெங்கே இருட்டு என்று மக்களிடமிருந்து தெரிந்துகொள்ளவும் வழியில்லை. காப்பாற்றியவர்கள், துணை மின்நிலையங்களுக்கே போய்க் கையால் சுவிட்சைப் போட்ட ஊழியர்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. கைவேலை தெரிந்த மூத்தவர்களை எந்தக் குழுவும் இழக்கக் கூடாது.

கேள்வி: பணம் கேட்டு மிரட்டினால் கொடுத்துவிடலாமா?

பதில்: விடிகாலையில் மிரட்டலைப் படித்த பிறகு யோசிக்கிற கேள்வியல்ல இது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தது. அப்படியும் எரிபொருள் குழாய் ஓடத் தொடங்கப் பல நாள் ஆயிற்று. 2019-இல் நார்வேயின் அலுமினிய நிறுவனம் நோர்ஸ்க் ஹைட்ரோ கொடுக்க மறுத்தது. நடந்ததை வெளிப்படையாகச் சொன்னது. 'நெட்வொர்க்கில் எதையும் இணைக்காதீர்கள்' என்று தாளில் எழுதி வாசலில் ஒட்டியது. ஆலைகளில் பல வேலைகளைக் கையால் செய்தார்கள். அதற்கும் பல கோடி டாலர் நஷ்டம்தான். ஆனால் திருடனுக்குக் கூலி போகவில்லை. யார் முடிவெடுப்பது, அவர் இல்லாவிட்டால் அடுத்து யார், எந்த போனில் பேசுவது என்று அமைதியான நாளிலேயே எழுதிவையுங்கள். தாளில் எழுதுங்கள்.

கேள்வி: தப்பான லிங்க்கைக் கிளிக் செய்தவரைத் தண்டிக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார். அவர் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகின்றன என்று கண்டார். அங்கே பிழையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை.

கேள்வி: ஒரே ஒரு விதி சொல்லுங்கள்?

பதில்: நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் கொடுங்கள். பத்துத் தடவை அவர் நிறுத்தி, பத்தும் வீண் பயம் என்று தெரிந்தாலும், பதினோராவது தடவை தயங்காமல் சொல்லும்படி அவரை நடத்துங்கள்.