பாதுகாப்பான தூரம்

வெடிமருந்தைக் கட்டிக் காக்க இந்த நாட்டில் சட்டம் போதவில்லை என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. வெள்ளைக்காரன் 1884-இல் போட்ட சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் கீழ் 2008-இல் புது விதிகள். உரிமம் கொடுக்க நாக்பூரில் ஒரு மத்திய நிறுவனம், சுரங்கத்தில் உயிர் போகாமல் பார்க்க தன்பாத்தில் ஓர் இயக்குநரகம், தடையின்மைச் சான்று தர மாவட்ட நிர்வாகம், குவாரிக் குத்தகைக்கு மாநிலக் கனிமவளத் துறை. இத்தனை பேர் காவல் காக்கும் பொருள் வேறு உண்டென்றால் கோயில் சிலைகள்தான். அவை என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும்.

விதிகளைப் படித்தால் மனம் குளிர்ந்துபோகும். மேகசின் என்கிற வெடிமருந்துக் கிடங்கு ஊரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். எவ்வளவு தள்ளி? உள்ளே எத்தனை கிலோ இருக்கிறதோ அதற்குத் தக்கபடி வீட்டுக்கு இவ்வளவு, ரோட்டுக்கு இவ்வளவு என்று அட்டவணையே இருக்கிறது. சுற்றி வேலி, மேலே இடிதாங்கி, வாசலில் காவல். தோட்டாவும் அதை வெடிக்கவைக்கும் கேப்பும் ஓர் அறையில் சேரக் கூடாது. வரவு செலவுக்குப் பதிவேடு. உள்ளே போகிறவர் காலில் ஆணி அடித்த செருப்பு இருக்கக் கூடாது. செருப்பின் ஆணி வரைக்கும் யோசித்த புண்ணியவான்கள், செருப்பே இல்லாமல் மருந்துப் பெட்டி சுமக்கிறவனை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இது ஏடு. நடப்பைப் பாருங்கள்: 2015 செப்டம்பர் 12, மத்தியப் பிரதேசம் ஜாபுவா மாவட்டத்துப் பெட்லாவத். ஜெலட்டின் வெடிகுச்சிகளை அடுக்கி வைக்கத் தேர்ந்தெடுத்த இடம், ஜனம் நெரியும் கடைத்தெருவில், உணவகத்தை ஒட்டிய கட்டடம். காலையில் சிறிதாக ஒன்று வெடித்தது. என்ன சத்தம் என்று பார்க்கக் கூட்டம் கூடியது. பிறகு பெரிதாக வெடித்தது. எழுபது பேருக்கு மேல் செத்தார்கள். சிற்றுண்டி சாப்பிட வந்தவனுக்குப் பக்கத்துச் சுவருக்குள் இருந்தது தெரியாது, சரி. நாள்தோறும் அந்தத் தெரு வழியாகப் போன அதிகாரிகளுக்கும் தெரியாதாம். நம்புவோம்.

2021 பக்கத்து மாநிலங்களின் முறை. ஜனவரியில், கர்நாடகத்தின் அன்றைய முதல்வர் எடியூரப்பாவின் சொந்த மாவட்டமான சிவமொக்காவில், கிரஷர் அருகே மருந்து ஏற்றிய லாரி இரவில் வெடித்தது. நிலநடுக்கம் என்று எண்ணி ஊரே வீதிக்கு ஓடி வந்தது. கல் உடைக்கிறவர்கள் செய்த வேலைக்குப் பூமிக்கு ஏன் கெட்ட பேர்? மறு மாதமே சிக்கபள்ளாப்பூர். அங்கே போலீஸ் சும்மா இருக்கவில்லை, குவாரியில் சோதனை போட்டது. சோதனைக்குப் பிறகும் குச்சிகள் அங்கேயேதான் இருந்தன. அவற்றை அப்புறப்படுத்தி ஒளிக்கப் போன இடத்தில் ஆறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். சோதனை போட்டதும் பதிவேட்டில் இருக்கும், செத்ததும் பதிவேட்டில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் யார் என்ன செய்தார்கள் என்பதற்குத்தான் பதிவேடு கிடையாது. மே மாதம் ஆந்திரத்தின் கடப்பா. சுரங்கத்தில் பெட்டிகளை இறக்கும்போது பத்துப் பேர்.

தமிழ்நாடு பாடம் கற்றிருக்குமே என்பீர்கள். 2024 மே 1, உழைப்பாளர் தினம். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஒரு கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கில் மருந்தை இறக்கும்போது வெடித்தது. மூன்று தொழிலாளிகளின் உடலைத் துண்டு துண்டாகத் தேடி எடுத்தார்கள். தலைவர்களின் மே தின வாழ்த்து அன்று காலைப் பத்திரிகையிலேயே வந்துவிட்டது. குவாரியை மூடு என்று ஊர் ஜனம் ரோட்டில் உட்கார்ந்தது. அதுவரை அவர்கள் சொன்னதெல்லாம் மனுவாக இருந்தது. மூன்று பேர் செத்த பிறகு கோரிக்கையானது.

ஒவ்வொரு முறையும் சடங்கு பிசகுவதே இல்லை. இரங்கல், காசோலை, விசாரணைக்கு உத்தரவு, மேலாளர் கைது. கண் கெட்ட பிறகு மாவட்டம் முழுக்கச் சூரிய நமஸ்காரம். பொறுப்பு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். குத்தகை கொடுத்தவர், மருந்து என் துறை இல்லை என்பார். மருந்துக்கு உரிமம் தந்தவர், வேலை செய்கிறவன் உயிர் சுரங்கப் பாதுகாப்புத் துறையின் கணக்கு என்பார். அவர் ஆய்வு செய்தபோது எல்லாம் சரியாக இருந்ததாம். இருந்திருக்கும், வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறவருக்கு எல்லாம் சரியாகத்தானே இருக்கும்.

தூரத்தை அளக்கும் வித்தை தனி. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கூடாது என்கின்றன தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகள். வெடி வைக்கும் குவாரிக்கு 200 மீட்டராவது வேண்டும் என்று 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. மீட்டர் பாவம், அரசு மேசையில் ஏறியதும் ரப்பராகிவிடுகிறது. அதுவும் போதவில்லையா? வரைபடத்தில் வீட்டை விட்டுவிடலாம். வீடு இல்லாத இடத்தில் ஆள் ஏது, ஆள் இல்லாத இடத்தில் ஆபத்து ஏது!

ஆனால் ஒரு தூரத்தை மட்டும் ஓர் அடி குறையாமல் காப்பாற்றுகிறார்கள். கையெழுத்துப் போட்டவரின் மேசைக்கும் கிடங்குக்கும் உள்ள தூரம். லாபத்தை எண்ணுகிறவரின் வீட்டுக்கும் மருந்து இறக்குகிற லாரிக்கும் உள்ள தூரம். இந்த அட்டவணையை எவரும் மீறியதாகத் தகவல் இல்லை. இந்தச் சாவுகளை நான் விபத்து என்று சொல்ல மாட்டேன். கூலிக்காரன் உயிர் மலிவு என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கில் லாபம் பார்க்கிறார்கள்.

குவாரி உள்ள ஊர்க்காரர்களே, அடுத்த கிராமசபையில் தெருவிளக்கோடு இதையும் கேளுங்கள்: நம் ஊர் மேகசினுக்கு உரிமம் எத்தனை கிலோவுக்கு, வரைபடம் எங்கே, அதில் நம் வீடுகள் இருக்கின்றனவா, கடைசியாக அளந்தது யார், எந்தத் தேதியில்? பதில் வராவிட்டால் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். போகும்போது கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள், அவர்களிடம் இருக்காது.