ஓர் அரைப்புள்ளியின் பொருட்டு

முப்பத்தைந்து ஆண்டுக் காலம் தமிழாசிரியனாக இருந்து, மாணாக்கர்கள் ஒற்று விட்ட இடங்களையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்தே பென்ஷன் வாங்கிய நான், எழுபதாம் பிராயத்தில் ரோபாட்டிக்ஸ் வகுப்பில் சேர்ந்ததற்கு ஞான தாகம் காரணமன்று. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தவனிடமும் அவர்கள் கட்டணம் வசூலித்துவிட்டதே காரணம்.

முதற் பாடம் ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகை. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த அச்சாதனத்துக்கு அவ்வூர் மதுக்கடை ஒன்றின் பெயரைச் சூட்டினார்களாம். அக்கடையோ 11-ஆம் நூற்றாண்டு அரசன் ஒருவனின் பெயரைத் தாங்கியது. மதுவிலக்கில் அசையாத பற்றுடைய என் கையில் அது வந்து சேர்ந்ததைப் பூர்வ ஜன்ம பலன் என்றே கொண்டேன்.

அதற்குப் புரோகிராம் எழுதும் மென்பொருள் அரை மணியில் கணினியில் இறங்கிவிட்டது. பெட்டியில் கிடந்த பழைய கேபிள் ஒன்றைச் செருகினால், நானோ என்று பெயர் கொண்ட, கட்டைவிரல் அகலமே உள்ள அந்த ஆர்டுயினோ பலகையில் விளக்கு ஜோராக எரிகிறது. கணினியோ, அப்படியொரு வஸ்து இவ்வுலகில் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாமல் 'போர்ட்' பட்டியலை வெறுமையாகக் காட்டுகிறது. டிரைவரை மூன்று முறை நிறுவி, கணினியை நான்கு முறை அணைத்து எழுப்பி, குலதெய்வத்துக்கும் நேர்ந்துகொண்ட பிறகு, பேத்தி எட்டிப் பார்த்து, "தாத்தா, இது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள். டேட்டா போகாது" என்றாள். சோறு போகும், சொல் போகாது என்னும்படியான கம்பியும் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிறகு புரோகிராம். அதன் 'செட்டப்' என்னும் பகுதியில் எழுதியது ஒரே முறை நடக்கும்; 'லூப்' என்னும் பகுதியில் எழுதியது மின்சாரம் உள்ளவரை திரும்பத் திரும்ப நடக்கும். இல்லறத்தானுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளக்கை ஒரு வினாடி எரியவிட்டு ஒரு வினாடி அணைக்க, ஆயிரம் மில்லிவினாடி என்று இரண்டிடத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆறாம் வரியில் பிழை என்றது கணினி. ஆறாம் வரியை எழுத்தெண்ணிப் படித்தும் குற்றம் அகப்படவில்லை. ஐந்தாம் வரியின் இறுதியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப் போயிருந்தது. திருடியவன் ஒருவன், பிடிபட்டவன் அடுத்த வீட்டுக்காரன்! ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வையாமல் நம் முன்னோர் காவியங்களையே ஏட்டிலேற்றினார்கள். படித்தவன் அர்த்தம் பண்ணிக்கொண்டான். ஒற்றுப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்த என்னைக் கொடியவன் என்றவர்கள் இந்த யந்திரத்தினிடம் ஒரு நாள் படித்திருக்க வேண்டும். அது தாளையே திருப்பி வீசிவிடுகிறது.

புள்ளி வைத்தேன், விளக்கு மின்னியது. ரோபாட்டுக்குக் கை கால் பூட்டுவது அடுத்த மாதந்தானாம். அதற்குள் நல்ல கேபிள் ஒன்று வாங்கி, பேத்தியின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.