கேம்ப் ரூமிலிருந்தே பட்டதாரி ஆவது எப்படி?

முதலில் கட்டிலைத் தேர்ந்தெடுங்கள். பல்கலைக்கழகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சவூதியின் ஜுபைலில் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் டிகிரி படிக்கக் கிளம்பும் தம்பிமார்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யூ.ஜி.சி. அங்கீகாரம் உண்டா, நாக் கிரேடு என்ன, ஃபீஸைத் தவணையில் கட்டலாமா என்று ராத்திரி முழுக்க விசாரித்து, அட்மிஷனும் போட்டுவிட்டு, அப்புறம்தான் தாங்கள் படுத்திருப்பது கீழ்க் கட்டில் என்பதைக் கவனிக்கிறார்கள். கீழ்க் கட்டில் ஊர்ப் பொதுச்சொத்து. டூட்டி முடிந்து வருகிறவன் ஷூ கழற்ற உட்காருவது அதில். சீட்டுக் கச்சேரி அதில். வெள்ளிக்கிழமை வெங்காயம் நறுக்குவதும் அதில்தான். ஆகவே மேல் கட்டிலுக்கு மாறுங்கள். ஏ.சி. நேராக முகத்தில் அடிக்கும், நிமிர்ந்தால் சீலிங் இடிக்கும், ஆனால் யாரும் ஏறி வரமாட்டார்கள். நாலு பக்கமும் பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டால் கல்லூரி வளாகம் தயார். பிளக் பாயிண்ட் எப்படியும் கீழேதான் இருக்கும். பலத் கடைத்தெருப் பக்கம் போகும்போது நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி வந்துவிடுங்கள். லைப்ரரி, லேப், கேண்டீன் எல்லாம் இனி அந்த ஒயர் எட்டும் தூரத்துக்குள்.

எங்கிருந்தும் படிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்றுதான் விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஜுபைலில் எல்லாம் கிடைக்கும். பெட்ரோ கெமிக்கல் கிடைக்கும், உரம் கிடைக்கும், இரும்பு கிடைக்கும். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கி ரியாத் வரைக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். ஆளில்லாத ஓர் அறையும், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரமும் மட்டும் இங்கே உற்பத்தி ஆவதில்லை. 1975-இல் ராயல் கமிஷன் அமைத்து இந்த மீன்பிடி ஊரைத் தொழில் நகரமாக்கியவர்கள் கல்லூரியையும் மறக்கவில்லை. ஜுபைல் இண்டஸ்ட்ரியல் காலேஜ் என்று நல்ல கல்லூரியே இருக்கிறது. அது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு. உங்களுக்கு மேல் கட்டில்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அறிவுக்காக என்று சொல்லிவிடாதீர்கள், ரூமில் சிரிப்பார்கள். இக்காமா என்ற தங்கும் அனுமதி அட்டையில் என்ன தொழில் எழுதியிருக்கிறதோ அதுதான் இங்கே தலையெழுத்து. லேபர் என்று இருந்தால் குடும்ப விசா கிடையாது. வேறு ஒரு கௌரவமான சொல் இருந்தால் மனைவி, பிள்ளைகளைக் கூட்டி வரலாம். 2025-இல் சவூதி அரசு வெளிநாட்டு ஊழியர்களின் ஒர்க் பெர்மிட்டை உயர்திறன், திறன், அடிப்படை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. பிரிக்கும்போது படிப்பையும் பார்க்கிறார்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்குக் காரணம் இன்னும் எளிது. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளம் கேட்பதற்கு முன்னால், "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு?" என்று கேட்பார்கள். படித்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் வயதைக் கணக்குப் போடுவார்கள். அதையும் எதிர்பார்த்துத்தான் சேர வேண்டும்.

அடுத்தது, எதைப் படிப்பது. பத்து வருடமாக பைப் ஃபிட்டராக இருக்கிறவருக்கு பி.இ. மேல்தான் ஆசை வரும், நியாயமான ஆசை. ஆனால் தொழில்நுட்பப் படிப்பை அஞ்சல் வழியில் நடத்தக் கூடாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யூ.ஜி.சி. விதிகளும் பொறியியல், மருத்துவம், நர்சிங் போன்றவற்றை ஆன்லைனில் அனுமதிப்பதில்லை. இதெல்லாம் தெரிந்தும் ஒரே வருடத்தில் பி.இ. என்று ஒருத்தர் வாட்ஸ்அப்பில் வருவார். வகுப்பு இல்லை, பரீட்சை இல்லை, பழைய தேதியில் சர்டிபிகேட் என்பார். உலகத்திலேயே மிகச் சுலபமான ஆன்லைன் படிப்பு அதுதான். சவூதியில் போலிச் சான்றிதழுக்கு ஜெயில் உண்டு. அங்கே கட்டில் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்காது. பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. என்று அடக்கமாக ஒன்றைப் பிடியுங்கள். சேரும் முன் யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும், அந்தப் படிப்பின் பெயரும், அந்த வருடமும் மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் கிண்டல் இல்லாத இடம் இது ஒன்றுதான்.

சேர்வதற்கே ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. எந்தக் கையேட்டிலும் அது இல்லை. அதன் பெயர் ஓ.டி.பி.

2024 முதல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர டி.இ.பி. ஐ.டி. என்று ஓர் எண் வேண்டும். அதற்கு ஏ.பி.சி. என்ற கல்விக் கிரெடிட் வங்கியின் ஐ.டி. வேண்டும். அதற்கு ஆதார் வேண்டும். ஆதாரோடு சேர்ந்த செல் நம்பரோ பரமக்குடியில் அம்மாவின் கையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் பத்து நிமிடம் குறைந்துகொண்டே வரும்போது, கேம்ப் வராந்தாவில் நின்று நீங்கள் எழுத வேண்டிய வாய்மொழித் தேர்வு இப்படிப் போகும்.

"அம்மா, மெசேஜ் வந்திருக்கா?"

"வந்திருக்குப்பா. ரீசார்ஜ் பண்ணச் சொல்லுது."

"அது இல்லம்மா. ஆறு நம்பர் இருக்கும் பாரு."

"இரு, கண்ணாடிய எங்க வச்சேன்... ஏழு. முட்டை. முட்டை. மூணு. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டாய் என்ற துணைக் கேள்விக்குப் போனால் நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்பச் சொன்னால் அம்மா பழைய ஓ.டி.பி.யையே மறுபடி வாசிப்பார். இதைத் தாண்டியவர்கள் பாதிப் பட்டதாரி என்றே நான் நினைக்கிறேன். அம்மா கையில் இருக்கும் அந்த நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பைத் தங்கையின் கணவரிடம் ஒப்படைக்காதீர்கள். அவர் மறந்த மாதத்தில்தான் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி வரும்.

இனி வகுப்பு. நேரலை வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைப்பதில் நம்மூர்க் கல்லூரிகளுக்குத் தனி விருப்பம். வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வாக இருப்பார்களாம். சவூதியில் 2013 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு இங்கே வாரத்தின் முதல் வேலை நாள். காண்ட்ராக்ட் கம்பெனிக்காரனுக்கு அந்தச் சனியும் கிடையாது. இந்தியாவில் பத்து மணி என்றால் இங்கே ஏழரை. டூல் பாக்ஸ் மீட்டிங் முடிந்து எல்லோரும் சைட்டுக்குள் இறங்கியிருக்கும் நேரம். பிளாண்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் வருகைப் பதிவு கேட்டில் இருக்கும் உங்கள் போனுக்கு விழும். நீங்கள் ஸ்கேஃபோல்டிங் மேல் இருப்பீர்கள்.

கவலை வேண்டாம், ரெக்கார்டிங் இருக்கிறது. அதை ராத்திரியே டவுன்லோட் செய்து வையுங்கள். காலை டூட்டி பஸ்தான் உங்கள் லெக்சர் ஹால். முன் சீட்டில் உட்காராதீர்கள், டிரைவரின் பஞ்சாபிப் பாட்டு பேராசிரியரை அமுக்கிவிடும். பின் சீட்டில் குறட்டை. நடுவில் ஜன்னலோரம் நல்லது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒரு யூனிட்டை நாலு பஸ் பயணத்தில் முடிக்கலாம். போகும்போது கேட்பது மனதில் நிற்கும், திரும்பும்போது கேட்பது கனவில் சேரும்.

கோடைக்காலம் வந்தால் அரசாங்கமே உங்கள் படிப்புக்கு உதவுகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். தினமும் மூன்று மணி நேரம், மூன்று மாதம். காகிதத்தில் கணக்குப் போட்டால் ஒரு செமஸ்டரையே முடித்துவிடலாம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நாலரைக்கு பஸ் பிடித்தவன் ரெஸ்ட் ஷெட்டில் சாப்பிட்டுவிட்டு ஒரு மேலாண்மைப் பாடத்தைத் திறந்தால் எத்தனை பக்கம் போவான் என்பதைக் காகிதத்தில் போட முடியாது. நான் பார்த்தவரையில் முகவுரை தாண்டியவர் இல்லை.

ஓர் ஆறுதல் சொல்கிறேன். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இலவச ஆன்லைன் வகுப்புகளை ஆராய்ந்தவர்கள், 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான் என்று எழுதினார்கள். அவர்களில் பலருக்குத் தனி அறை இருந்திருக்கும், வெங்காயம் யாரும் நறுக்கியிருக்க மாட்டார்கள். ஆக, பாதியில் விட்டவர்கள் உலகத் தரத்தில்தான் இருக்கிறார்கள்.

அசைன்மெண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இக்னோவில் பெரும்பாலான படிப்புகளுக்கு அதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. கையால்தான் எழுத வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஸ்பானர் பிடித்த கை பேனாவைப் பிடித்தால் முதல் பக்கம் இ.சி.ஜி. எடுத்தது போல வரும். இரண்டாம் பக்கம் சரியாகும். விடைகள் டெலிகிராமில் விற்பனைக்கு வருகின்றன. வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே தவறை ஒரே இடத்தில் செய்திருப்பார்கள்.

பரீட்சைதான் பெரிய விஷயம். நேரில் எழுதும் படிப்பென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தேர்வு. மூன்று வருடத்துக்கு ஆறு. உங்கள் காண்ட்ராக்டில் லீவு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. எனவே லீவில் போகும்போது எல்லா அரியரையும் மொத்தமாக எழுதுவது ஜுபைல் மரபு. இரண்டு வருடம் கழித்துப் பார்க்கும் பிள்ளை, "அத்தா எப்ப பாத்தாலும் படிச்சுக்கிட்டே இருக்காக" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லும். மனைவி பெருமையாகச் சொல்லமாட்டார். கிளம்புகிற வாரத்தில் பிளாண்டில் ஷட்டவுன் அறிவித்தால் லீவு ரத்து; ஹால் டிக்கெட் மட்டும் ஊரில் இருக்கும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய பி.எஸ். டேட்டா சயன்ஸ் படிப்பில் சேர்ந்த கெட்டிக்காரர்களும் ஜுபைலில் உண்டு. பாடம் ஆன்லைன், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். பஹ்ரைன் மையம் கிடைத்தால், கோபார் போய் அங்கிருந்து 25 கிலோமீட்டர் கடல் பாலத்தைக் கடக்க வேண்டும். 1986-இல் திறந்த பாலம். அதற்கு எக்சிட் ரீ-என்ட்ரி விசா, 200 ரியால். 2021-க்குப் பிறகு அப்ஷர் என்ற அரசுத் தளம் மூலம் ஊழியரே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் என்றால் ஸ்பான்சரான கஃபீலிடம் போய், பக்கத்து நாட்டுக்குக் கணக்குப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று சொல்லி நம்பவைக்க வேண்டியிருந்திருக்கும். அந்தப் பரீட்சையே இதைவிடச் சுலபம்.

ரூமிலிருந்தே எழுதும் ஆன்லைன் தேர்வு அதைவிட எளிது என்று நினைப்பவர்கள் கவனமாகக் கேட்கவும். தொடங்கும் முன் லேப்டாப்பைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. ஆறு பேர் ரூம். மூன்று பேர் டூட்டியில். கண்ணூர்க்காரச் சேட்டன் நைட் ஷிஃப்ட் முடித்து இப்போதுதான் படுத்திருக்கிறார். தலை வரைக்கும் போர்த்தியிருப்பதால் மூட்டை என்று சமாளிக்கலாம். மூட்டை இருமக் கூடாது. ராமநாதபுரத்து பாய்க்கு முதல் நாளே பிரியாணி வாங்கிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ஃபனாத்தீர் கடற்கரையில் உட்கார ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். கதவில் 'பரீட்சை' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்தான் முதலில் தட்டுவார்: "தம்பி, பரீட்சையா? எப்ப முடியும்?"

மேலே பார்க்காதீர்கள். நம் ஆட்களுக்குப் பதில் எப்போதும் விட்டத்தில்தான் இருக்கும். சிறுவயதிலிருந்து அங்கிருந்துதான் எடுத்து எழுதியிருக்கிறோம். கேமரா அதைக் காப்பியடிப்பது என்று எடுத்துக்கொள்ளும். உதட்டையும் அசைக்கக் கூடாது. வாய்விட்டுப் படித்து வளர்ந்தவர்கள் கேள்வியை முணுமுணுத்தாலே எச்சரிக்கை வந்து நிற்கும். மூன்று எச்சரிக்கை வந்தால் தேர்வு மூடிக்கொள்ளும் என்று பயமுறுத்துவார்கள். பேசாமல், அசையாமல், நேராக மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். இக்காமா போட்டோவுக்கு நின்ற அனுபவம் இங்கே கைகொடுக்கும்.

இத்தனையும் தாண்டிச் சர்டிபிகேட் ஊர் விலாசத்துக்குத் தபாலில் வந்து சேரும். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பு தொடங்கிய காலத்திலிருந்து, கரஸ்ல படிச்சவன் என்றால் ஊரில் ஒரு மாற்றுக் குறைவுதான். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் தொலைநிலைப் பட்டமும் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யூ.ஜி.சி. அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் முதல் சவூதியில் அப்போஸ்டில் முத்திரை செல்லும், எம்பசி வாசலில் நிற்கும் வேலை அந்த அளவுக்கு மிச்சம். எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கி ஹெச்.ஆர். முன்னால் வைத்தால், அவர் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, காண்ட்ராக்ட் ரினிவல் வரும்போது ஞாபகப்படுத்துங்கள் என்பார்.

ஆனால் பதவி உயர்வு அன்று மாலையே கேம்பில் கிடைத்துவிடும். லீவு லெட்டர், சம்பளம் குறைந்ததற்கு மெயில், அப்ஷர் பாஸ்வேர்டு மறந்த கேஸ், மகனின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது என்று ஆளாளுக்கு உங்கள் கட்டிலைத் தேடி வருவார்கள். எழுதிக் கொடுங்கள். கூலி ஒரு லெட்டருக்கு ஒரு பெப்சி. அந்த லெட்டரால் லீவு கிடைக்கவில்லை என்றால் பெப்சியை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும்.