பெயரை மறைத்துப் படியுங்கள்

பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். கவிதையே தலை சுற்றுகிறது. அதற்கு மேல் 'இலக்கிய விமர்சனம்' என்று ஒரு பேப்பர் எதற்கு?
*வாசகி, வ. புதுப்பட்டி*

பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை, தின்றவர் எழுதிய நோட்ஸைப் படித்தா ருசி பார்க்கிறீர்கள்?

கவிதையைத் தொடாமல் நோட்ஸை மட்டும் உருப்போட்டால் அந்தப் பேப்பர் வெறும் சுமைதான். கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதி வாங்கினார். பெயர் தெரியாததால் பலர் நல்லதை ஒதுக்கினார்கள், சுமாரானதைக் கொண்டாடினார்கள். அந்தத் தாள்களிலிருந்து பிறந்ததுதான் 1929இல் வந்த 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற நூல். உங்கள் வகுப்பிலும் ஒரு நாள் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கைடு இல்லாமல் நீங்களாக எழுதும் நாலு வரி, தப்பாகவே இருந்தாலும், உங்களுடையது.

விமர்சனம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்குதானே?
*வாசகர், ராஜபாளையம்*

ஆண்டாளின் திருப்பாவை 30 பாசுரம். அதற்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையின் பெயர் மூவாயிரப்படி. ஒரு படிக்கு, ஒற்று நீங்கலாக, 32 எழுத்து. பெருக்கிப் பாருங்கள்!

ஒவ்வொரு சொல்லிடமும் நின்று, 'நீ ஏன் இங்கே வந்தாய்?' என்று விசாரிக்கிற உரை அது. விமர்சனம் செய்வதும் இதைத்தானே? ஆங்கில வகுப்பிலும் இதை எடுத்துக் காட்டலாம், காட்ட வேண்டும்.

ஆங்கிலப் பேராசிரியர்களால் தமிழுக்கு என்ன லாபம்?
*வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்*

திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் டி.கே. துரைசாமி. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில் அவர் எழுதினார். நமக்கு அவர் எழுத்தாளர் நகுலன்.